தொலைபேசியில் கேட்கிற கேள்விகளிலிருந்து ஓர் இணையதளம்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒட்டு மாங்கன்று விற்கிற ஒரு நாற்றுப்பண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்கு ஏற்கெனவே ஓர் இணையதளம் இருந்தது. திறந்தால் சூரிய உதயம், அதன்மேல் "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று ஓடும் எழுத்து, கீழே நிறுவனரின் வரலாறு. "காசு குடுத்துச் செஞ்சோமுங்க. அதப் பாத்துட்டு ஒருத்தரும் வந்ததில்ல" என்றார் பண்ணைக்காரர். நாங்கள் பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் அவருடைய கைப்பேசி பதினொரு முறை அடித்தது. இமாம்பசந்த் கன்று இருக்கிறதா, என்ன விலை, ஏக்கருக்கு எத்தனை பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, போச்சம்பள்ளியிலிருந்து எப்படி வருவது. ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பதில்களில் ஒன்றுகூடத் தளத்தில் இல்லை.

கடை, பாட்டு வகுப்பு, மருந்தகம், ஊர் நூலகம் என்று எதற்குத் தளம் செய்தாலும் நான் அங்கே அடிக்கிற தொலைபேசியிலிருந்துதான் தொடங்குகிறேன். முதன்முறையாகத் தளம் அமைக்கப் போகிறவர்களுக்காக, அந்தப் பண்ணையின் தளத்தைத் திரும்பச் செய்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். இதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு நோட்டு

ஒரு சாதாரண நோட்டு வாங்கித் தொலைபேசிக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு, வருகிற ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். எந்த ஊரிலிருந்து கேட்டார், வாங்கினாரா, திரும்ப அழைத்தாரா என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. நேரில் வந்து கேட்பவர்களின் கேள்விகளும் இதில் சேரும். பண்ணையில் இந்த வேலையைப் பண்ணைக்காரரின் மருமகள் எடுத்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் ஒன்பது பக்கம் நிறைந்தது. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவை ஐந்தே கேள்விகள்தான்; சொல்தான் ஆளுக்கு ஆள் வேறு.

அந்தச் சொல் வேறுபாடுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பழைய தளத்தில் "உயர்தர நடவுப் பொருட்கள்" என்று இருந்தது. ஒன்பது பக்கத்தில் ஒருவர்கூட அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கவில்லை. கன்னு, ஒட்டுக்கன்று, ஒட்டுச்செடி, நாத்து என்றுதான் கேட்டிருந்தார்கள். ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர்கள் இமாம்பசந்தை ஹிமாயத் என்றார்கள்; பங்கனப்பள்ளியைச் சிலர் பேனிஷான் என்றார்கள். கூகுளில் தேடும்போதும் ஒவ்வொருவரும் தம் வாயில் வருகிற சொல்லைத்தான் தட்டுவார்கள். ஆகவே ஒவ்வொரு வகைக்கும் அதன் இரண்டு மூன்று பெயர்களையும் பக்கத்திலேயே எழுதிவைத்தோம். தேடுபொறியில் முன்னால் வருவதற்கு மாதச் சந்தா கட்டச் சொல்லி யாராவது வந்தால், முதலில் இதைச் செய்துவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

நோட்டைப் பார்த்தபின் இன்னொன்றை முடிவு செய்யுங்கள்: தளத்தைப் பார்த்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்? ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். பண்ணைக்கு நாங்கள் எழுதியது இது: "இருப்பும் விலையும் தெரிந்துகொண்டு கூப்பிட வேண்டும், அல்லது நேரே கிளம்பி வர வேண்டும்." ஆன்லைனில் பணம் கட்டும் வசதி வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டார்கள். வேண்டாம் என்றேன். நூறு கன்று வாங்குபவர் வண்டியோடு வந்து, கன்றைப் பார்த்து, ஒட்டுப்போட்ட இடத்தைத் தடவிப் பார்த்துத்தான் ஏற்றுகிறார். அவருக்குத் தேவைப்படாத வசதிக்குப் பணமும் பராமரிப்பும் எதற்கு? பிற்பாடு தேவை வந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

எழுதிவிட்டு அப்புறம் வடிவம்

புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் முதலில் ஒரு 'தீம்', அதாவது முன்கூட்டியே செய்துவைத்த பக்க வடிவம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் "எங்கள் குழு", "எங்கள் சேவைகள்", "வாடிக்கையாளர் கருத்து" என்று கட்டங்கள் இருக்கும். கட்டம் இருக்கிறதே என்று அதை நிரப்பத் தொடங்குவார்கள். சூரிய உதயம் அப்படித்தான் முகப்புக்கு வந்து சேர்கிறது. கணினியைத் திறக்கும் முன் ஏ4 தாள்களை எடுங்கள். பக்கத்துக்கு ஒரு தாள். நோட்டில் உள்ள கேள்விகளுக்கான பதிலைப் பேனாவால் எழுதுங்கள். எந்தத் தாளிலும் இடம் கிடைக்காத விஷயம் தளத்துக்கும் தேவையில்லை.

பழைய தளத்தில் இருந்த வரி: "எமது பண்ணையில் பல்வேறு வகையான தரமான மாங்கன்றுகள் நியாயமான விலையில் கிடைக்கும்." புதிய தாளில் அதே இடத்தில் எழுதியது: "இமாம்பசந்த் ஒட்டுக்கன்று. ஹிமாயத் என்றும் சொல்வார்கள். இப்போது இருப்பு உண்டு. ஒரு வயதுக் கன்று, இரண்டடி உயரம். 10 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 40 கன்று. 5 மீட்டர் இடைவெளியில் நெருக்கி நட்டால் 160 கன்று." கீழே விலை, அதற்கும் கீழே விலை போட்ட தேதி. படிப்பவர் மனத்துக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். பதில் முதல் வரியில் இருக்கட்டும். விளக்கம் அடுத்து வரட்டும். பண்ணையின் வரலாறு வேண்டாம் என்று சொல்லவில்லை. முப்பது வருடமாக ஒட்டுக்கட்டுகிறார்கள் என்பது வாங்குபவருக்கு நம்பிக்கை தரும் செய்தி. அதற்குத் தனிப் பக்கம் கொடுத்தோம்.

தாள்கள் தயாரானதும் மெனு. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி, தளத்தைப் பற்றி எதுவும் தெரியாத மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, "எதெது ஒண்ணா இருக்கணும்னு அடுக்குங்க, அடுக்குனதுக்கு ஒரு பேர் வைங்க" என்று சொல்லுங்கள். நாங்கள் "நடவு முறை"யைத் தனிப் பக்கமாக வைத்திருந்தோம். மூன்று பேரும் அதைக் கன்று வகையோடு சேர்த்து அடுக்கினார்கள். இமாம்பசந்த் பற்றிப் படிக்கிறவருக்கு அங்கேயே குழி அளவும் தெரிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மாற்றிவிட்டோம். மெனுவில் கடைசியாக மிஞ்சியவை நான்கு: கன்றும் விலையும், வரும் வழி, எங்களைப் பற்றி, கூப்பிட. "சேவைகள்", "வளங்கள்", "மேலும்" போன்ற சொற்களை மெனுவில் போடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவை சொல்வதே இல்லை. கைப்பேசியில் மெனுவைக் குறிக்கும் மூன்று கோடு பலருக்கு வெறும் மூன்று கோடுதான். பக்கத்தில் "மெனு" என்று எழுதிவிடுங்கள்.

பெயர் யார் பேரில்

இதில் பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பாட்டு வகுப்புக்குத் தளம் புதுப்பிக்கப் போனேன். தளத்தின் முகவரியான டொமைன் பெயரை முதலில் வாங்கிக் கொடுத்தவர் தம் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். அவர் வேலை மாறி வெளியூர் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களெல்லாம் அவர் பார்க்காத பெட்டிக்குப் போயின. நானும் முதல் நாளே அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பக்கங்களைச் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் தளம் இல்லை. நாங்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பெயரை வேறு யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டிருந்தார்கள். ஆண்டு விழா அழைப்பிதழ் ஐந்நூறு பிரதி அந்த முகவரியோடு அச்சாகி வந்திருந்தது.

டாட்காம் போன்ற பெயர்கள் காலாவதியான அன்றே பறிபோவதில்லை. பதிவு நிறுவனம் கொடுக்கும் சலுகை நாட்கள் முடிந்தபின், அபராதக் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் உண்டு. அதன்பின் ஐந்து நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். ஆனால் கடிதம் உங்களுக்கு வந்தால்தானே அந்த நாட்களுக்குப் பயன்! ஆகவே டொமைன் பெயர் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசி எண்ணில் இருக்க வேண்டும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை முடுக்கி வையுங்கள். அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயரை எங்கே வாங்கினோம், ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைக்கும் வாடகை இடம்) எங்கே, எந்த மின்னஞ்சல், எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்தப் பக்கம் தெரிந்திருக்கட்டும். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள். மூன்று பேரை அழைத்துப் பெயரைச் சொல்லி, அவர்கள் எழுதியதை அனுப்பச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரத்துக்கு இசட்-எச் போடுவதா, எல் போடுவதா, தோட்டத்துக்கு ஒரு டி போதுமா, இரண்டு வேண்டுமா என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். மூன்று பேரும் ஒரே மாதிரி எழுதுகிற பெயர்தான் நல்ல பெயர். முழுக்கத் தமிழிலேயே பெயர் வைக்கவும் வழி இருக்கிறது; .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடியும் பெயர்கள் உண்டு. எனக்கு அவற்றின்மேல் ஆசைதான். ஆனால் அந்த முகவரியில் மின்னஞ்சல் வைத்தால் பல படிவங்கள் ஏற்றுக்கொள்ள மறுக்கின்றன. ஆங்கில எழுத்துப் பெயரோடு கூடுதலாக அதையும் வைத்துக்கொள்ளலாம்.

பக்க முகவரிகளிலும் இதே சிக்கல் இன்னொரு விதமாக வரும். "மாங்கன்று" என்று தமிழிலேயே பக்க முகவரி வைத்தால் பிரவுசரில் அழகாகத் தெரியும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், உள்ளே இருக்கிற ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது ஆங்கிலக் குறிகளாக விரியும். காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால், ஒன்பது குறி உள்ள மாங்கன்று என்கிற ஒரே சொல் 81 குறி நீளத்துக்குப் போய்விடும். அதைப் பார்த்தவர்கள் ஏதோ மோசடி லிங்க் என்று தொடாமலே விட்டுவிடுகிறார்கள். பக்க முகவரியை மட்டும் சிறிய ஆங்கில எழுத்துச் சொல்லாக வையுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

எதில் தளத்தைக் கட்டுவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2003இல் வந்த வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில்தான் இன்று உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஓடுகின்றன. உதவிக்கு ஆள் கிடைப்பது சுலபம், கைப்பேசிச் செயலியிலிருந்தே மாற்றங்கள் செய்யலாம். மருமகள் தோட்டத்தில் நின்றுகொண்டே இருப்பை மாற்ற வேண்டியிருந்ததால் நாங்கள் அதை எடுத்தோம். வருடத்துக்கு ஒருமுறைதான் மாறும் நான்கு பக்கத் தளம் என்றால் வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள் போதும். வேகமாகத் திறக்கும், பழுது குறைவு. எதில் கட்டினாலும் முகவரி, பாதுகாப்பான இணைப்பைக் குறிக்கும் எச்டிடிபிஎஸ் (https) என்று தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் 2018இலிருந்து குரோம் பிரவுசர் "பாதுகாப்பற்றது" என்று முகவரிக்குப் பக்கத்திலேயே எழுதிக் காட்டுகிறது. அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ஒரே பட்டன்தான். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் வேறு ஹோஸ்டிங் பாருங்கள்.

திரையில் தமிழ் எழுத்து

பண்ணையின் பழைய தளத்தில் பாதி எழுத்து பாமினி எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் தமிழாகத் தெரியும். இல்லாத கைப்பேசியில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான். கூகுளுக்கும் அது ஆங்கில எழுத்துதான், ஆகவே "மாங்கன்று" என்று தேடியவர் யாருக்கும் அந்தத் தளம் அகப்பட்டிருக்காது. உங்கள் தளம் எப்படி என்று பார்க்க எளிய வழி: பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்புங்கள். அங்கேயும் தமிழாகவே இருந்தால் அது யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு; கவலையில்லை. மாறிப்போனால் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றித்தர இலவசக் கருவிகள் உண்டு, ஆனால் மாற்றியபின் ஒரு தடவை வரிக்கு வரி படித்துவிடுங்கள்.

விலைப்பட்டியலைப் படமாகப் போடுவது இன்னொரு பழக்கம். ஃபிளெக்ஸ் போர்டுக்குச் செய்த படம் கைவசம் இருக்கும், அப்படியே ஏற்றிவிடுவார்கள். தேடுபவருக்கு அதில் உள்ள எழுத்து அகப்படாது, பெரிதாக்கினால் மங்கும், கண் தெரியாதவரின் கைப்பேசி அதைப் படித்துக் காட்டாது. எழுத்தை எழுத்தாகவே தட்டுங்கள்.

அளவு. பிரவுசரின் இயல்பான எழுத்தளவு 16 பிக்சல். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழுக்கு நான் 18க்குக் குறைத்து வைப்பதில்லை. வரியின் உயரத்தை எழுத்தளவைப்போல் 1.7 மடங்கு வைக்கிறேன். கீ, மீ என்று மேலே சுழிப்பதும் கூ, று, ழு என்று கீழே இறங்குவதும் தமிழில் ஒவ்வொரு வரியிலும் வரும். இடம் குறைந்தால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் உரசும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டவே வேண்டாம். ஆங்கிலத் தலைப்புக்கு அது எடுப்பாக இருக்கலாம். தமிழில் சொல் எங்கே முடிகிறது என்றே கண்ணுக்குப் பிடிபடாது, சில மென்பொருளில் கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டு விலகி நிற்கும். இரண்டு ஓரமும் நேராக இருக்கும்படி வரிகளை இழுக்காதீர்கள். நம் சொற்கள் நீளமானவை, கைப்பேசியின் குறுகிய பத்தியில் சொல்லுக்குச் சொல் பெரிய ஓட்டை விழும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டும் இலவசமாகக் கிடைக்கிற, தெளிவான எழுத்துருக்கள். ஏதாவது ஒன்றை எடுத்து, சாதாரணம், தடிமன் என இரண்டு கனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தீமின் மாதிரிப் படத்தில் ஆங்கிலச் சொற்கள் சின்னப் பட்டனுக்குள் அழகாக உட்கார்ந்திருக்கும். அங்கே "தொடர்புகொள்ள" என்று போட்டால் இரண்டு வரியாக உடையும். ஆகவே முதல் நாளிலிருந்தே உங்கள் தமிழ் வரிகளைப் போட்டுத்தான் வடிவத்தைப் பார்க்க வேண்டும். பட்டன் சொல்லையும் சுருக்கலாம்: "கூப்பிட", "வழி", "விலை". இப்படி ஒரு சொல்லில் முடிகிற வசதி நம் மொழியில் இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நிறம் பற்றி ஒரு செய்தி. நாற்றுப்பண்ணை என்றதும் வெள்ளைமேல் இளம்பச்சை எழுத்து போட்டிருந்தார்கள். அலுவலக அறையில் நன்றாகத்தான் இருந்தது. மதியம் பன்னிரண்டு மணிக்குத் தோட்டத்தில் நின்று, திரை வெளிச்சத்தைக் குறைத்துவைத்த கைப்பேசியில் பார்த்தேன். ஓர் எழுத்தும் தெரியவில்லை. நம் வாடிக்கையாளர் நிற்கிற இடம் அதுதான். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் விதிகள் (கண் தெரியாதவர் உட்பட எல்லோரும் தளத்தைப் பயன்படுத்துவதற்கான விதிகள்), சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கின்றன. இதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. பச்சையை ஆழமாக்கினோம், பிரச்சினை தீர்ந்தது. இருப்பு இருந்தால் பச்சைப் புள்ளி, தீர்ந்தால் சிவப்புப் புள்ளி என்று வைத்திருந்ததையும் எடுத்தோம். அந்த இரண்டு நிறமும் ஒன்றுபோலத் தெரிகிற கண்கள் உண்டு. "இருப்பு உண்டு", "தீர்ந்தது" என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் தெரியும்.

கண் தெரியாதவர்களுக்கு ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் பக்கத்தைத் தமிழிலேயே வாசித்துக் காட்டும். விண்டோஸ் கணினியில் என்விடிஏ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பக்கத்தின் மொழி தமிழ் என்று அமைப்பில் குறித்திருந்தால்தான் சரியான குரலில் வாசிக்கும். வேர்ட்பிரஸில் தள மொழியைத் தமிழ் என்று வைத்தால் போதும். ஒவ்வொரு படத்துக்கும், படத்தைச் சொல்லால் விவரிக்கும் மாற்றுரைக்கென ஒரு கட்டம் இருக்கும். "படம் 1" என்று எழுதாமல், "ஒட்டுப்போட்ட இடம் தெரியும்படி கையில் பிடித்த இமாம்பசந்த் கன்று" என்று எழுதுங்கள். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் தளத்தை டாக்பேக்கில் கேட்டுப் பாருங்கள்.

எடையும் விரலும்

கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி இருக்கும். இருபது படம் போட்டால் 80 எம்பி. அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் ஒரு படம் 150 கேபிக்குள் அடங்கும்; கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. முகப்பில் தானாக நகரும் படவரிசையை நான் எங்கேயும் வைப்பதில்லை. எடை கூடும், படித்துக்கொண்டிருக்கும்போதே படம் ஓடிவிடும். வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டில் இருப்பதிலேயே பழைய கைப்பேசியில், ஓடுகிற பேருந்தில் உட்கார்ந்து தளத்தைத் திறந்து பாருங்கள்.

தொடுகிற இடம் ஒவ்வொன்றும் விரல் படுமளவு இருக்க வேண்டும். 2023இல் வந்த அணுகல் விதிகள் குறைந்தது 24 பிக்சல் கேட்கின்றன. நான் 48 வைக்கிறேன். மண்வெட்டி பிடித்த கட்டைவிரலுக்கு 24 போதாது. தொலைபேசி எண்ணைத் தொட்டால் நேரே அழைப்பு போக வேண்டும். பண்ணைத் தளத்தில் திரையின் அடியில் எப்போதும் நிற்கிற ஒரு பட்டை வைத்தோம்: கூப்பிட, வாட்ஸ்அப், வழி. வேறு அலங்காரம் இல்லை.

படிவம் வைப்பதானால் பெயர், கைப்பேசி எண், ஊர், என்ன வேண்டும் என்று நான்கு கட்டம் போதும். மின்னஞ்சலைக் கட்டாயமாக்காதீர்கள். எண்ணுக்கு நடுவே இடம் விட்டாலோ முன்னால் 91 போட்டாலோ ஏற்றுக்கொள்ள வேண்டும். தவறு என்றால் "தவறான உள்ளீடு" என்று சிவப்பில் காட்டாமல், "கைப்பேசி எண்ணில் 10 இலக்கம் இருக்க வேண்டும், 9தான் இருக்கிறது" என்று சொல்லுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது

தளத்தை வெளியிடுவதற்கு முன், வாங்க வருகிறவர்களில் ஐந்து பேரைப் பிடித்து உட்காரவையுங்கள். ஐந்து பேரைக் கவனித்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் பெரும்பகுதி தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். என் அனுபவத்தில் மூன்றாவது ஆளிலேயே பாதி தெரிந்துவிடுகிறது. "நல்லா இருக்குங்களா?" என்று கேட்காதீர்கள்; நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஒரு வேலை கொடுங்கள்: "உங்களுக்கு ஒரு ஏக்கர் இருக்குதுன்னு வைங்க. செந்தூரா கன்னு எத்தனை வேணும், மொத்தம் எவ்வளவு ஆகும்னு இதுல பாத்துச் சொல்லுங்க." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் தடுமாறும்போது "அந்த மூலையில பாருங்க" என்று நாக்கு நுனிவரை வரும். சொல்லக் கூடாது. வீட்டில் தனியாக இருக்கும்போது அவருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

ஊத்தங்கரையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் செந்தூராப் படத்தைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் அழுத்தித் தொட்டார். விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார். கீழே "விவரம் பார்க்க" என்ற பட்டன் கண்ணெதிரே இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. "எனக்குத்தான் இதெல்லாம் வராதுங்க தம்பி" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. கடையில் பொருளைத் தொட்டால் கடைக்காரர் விலை சொல்வார். படத்தைத் தொட்டால் விலை வரும் என்று அவர் எதிர்பார்த்தது முழுக்க நியாயம். அன்றே எல்லாப் படங்களையும் தொட்டால் திறக்கும்படி மாற்றினோம். வேறொரு அம்மா "அடர்நடவு" என்ற சொல்லில் நின்றுவிட்டார். "நெருக்கி நடறதா?" என்று கேட்டார். அவர் சொல்லையே பக்கத்தில் எழுதிக்கொண்டோம்.

தளம் உயிரோடு இருக்க

வெளியிட்ட அன்று எல்லோரும் பார்ப்பார்கள், பகிர்வார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் தளத்தின் தரம் தெரியும். தீர்ந்துபோன கன்றுக்கு "இருப்பு உண்டு" என்று தளம் சொல்லி, அதை நம்பி ஒருவர் தர்மபுரியிலிருந்து வண்டி பேசி வந்துவிட்டால், தளமே இல்லாமல் இருந்திருக்கலாம். பண்ணையில் திங்கட்கிழமை காலை பத்து நிமிடம் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். மருமகள் பாத்திகளைச் சுற்றி வரும்போதே செயலியில் இருப்பையும் விலையையும் மாற்றிவிடுகிறார். "கடைசியாகச் சரிபார்த்த நாள்" என்று ஒரு வரி பக்கத்தின் மேலேயே இருக்கிறது. அந்தத் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் பலர் கிளம்புகிறார்கள்.

மாதம் ஒருமுறை வேர்ட்பிரஸையும், கூடுதல் வசதிக்காக அதில் சேர்க்கும் ப்ளகின்களையும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத ப்ளகின் வழியாகத்தான் பெரும்பாலும் திருடர்கள் நுழைகிறார்கள். பயன்படுத்தாததை நீக்கிவிடுங்கள், ஆறேழுக்கு மேல் வேண்டாம். நுழைவதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு கைப்பேசிக்கு வரும் எண் போன்ற இன்னொன்றும் கேட்பது) வையுங்கள். புதுப்பிக்கும் முன் பேக்அப். ஹோஸ்டிங் நிறுவனமே எடுக்கிறது என்று விட்டுவிடாமல், ஒரு பிரதியை உங்கள் கணினியிலும் இன்னொன்றை கூகுள் டிரைவிலும் வையுங்கள். எடுத்த பேக்அப்பிலிருந்து தளத்தைத் திரும்ப எழுப்பிப் பார்த்தால்தான் அது பேக்அப். வருடத்துக்கு ஒரு தடவையாவது அதைச் செய்யுங்கள். அதே நாளில் படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்பி, மின்னஞ்சல் வருகிறதா என்று பாருங்கள். படிவம் மூன்று மாதமாக எங்கேயோ போய்க்கொண்டிருந்ததை ஓர் இடத்தில் கண்டுபிடித்திருக்கிறேன். எத்தனை பேர் பதில் வராமல் கோபித்துக்கொண்டார்களோ.

பக்க முகவரியை மாற்றாதீர்கள். யாரோ ஒரு விவசாயி அந்த லிங்க்கைத் தன் குழுவில் போட்டிருப்பார். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தானாகப் போகும்படி அமைத்துவிடுங்கள். "செய்திகள்" என்று ஒரு பகுதி வைத்து, அதில் இரண்டு வருடத்துக்கு முந்தைய பொங்கல் வாழ்த்து மட்டும் நிற்குமானால் அந்தப் பகுதியை எடுத்துவிடுவது நல்லது. பண்ணை இன்னும் நடக்கிறதா என்ற சந்தேகத்தைத்தான் அது கிளப்பும்.

கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். என்ன சொல்லைத் தேடி உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்று அதில் பார்க்கலாம். மாதம் ஒருமுறை அதைத் திறந்து, புதிய சொல் ஏதாவது இருந்தால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பண்ணையில் அந்த நோட்டு தீர்ந்து இப்போது இரண்டாவது நோட்டு ஓடுகிறது. போன ஆடியில் நான் போயிருந்தபோது அதில் கடைசியாக எழுதியிருந்த கேள்வி: "பெரிய லாரி உள்ள வந்து திரும்புமா?" இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வரும் வழிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: "பத்துச் சக்கர லாரி பண்ணை வாசல்வரை வரும். புளியமரத்தடியில் திருப்பிக்கொள்ளலாம்."